ஸேன் நதிக்கரையில் ஒரு வர்ணப் பயிற்சி

பாரிஸ் நகருக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், ஸேன் நதி பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில், சரிவின்மேல் ஒரு பழைய மாதா கோயிலும் அதன் கீழே சில தெருக்களுமாக அமைந்திருக்கிறது வெத்தேய் கிராமம். 1878 முதல் 1881 வரை இங்கே கடனோடும் துயரத்தோடும் குடியிருந்த க்ளோத் மோனே, 1879-இல் தம் மனைவி கமீயை இவ்வூர் மண்ணிலேயே அடக்கம் செய்து, அடுத்த ஜனவரியில் உறைந்திருந்த ஆறு உடைந்து பனிப்பாளங்கள் மிதந்து போன கோலத்தைக் கித்தான் மேல் கித்தானாகத் தீட்டினார் என்பது சித்திர சரித்திரம் அறிந்தோருக்குப் பழைய செய்தி. அந்தச் சம்பிரதாயத்தில் ஆற்றுக் காட்சியை எண்ணெய் வர்ணத்தில் எழுதக் கற்பிக்கும் முதிய அம்மையார் ஒருவர் இப்பக்கத்தில் இருக்கிறார் என்று கேள்வியுற்று, அவரிடம் மாணாக்கனாகச் சேர்ந்தேன்.

ஆற்றங்கரையில் ஈஸலை நாட்டியதும் அவர் செய்த முதற் காரியம், என் பெட்டியிலிருந்த கறுப்பு வர்ணக் குழாயை எடுத்துத் தம் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டதுதான். நிழலுக்கு வேண்டிய இருளை அல்ட்ராமரீன் நீலத்தையும் மஞ்சிட்டிச் சிவப்பையும் கலந்து பெற வேண்டுமாம். அடுத்து, எதிர்க்கரையான லவகூரின் வீடுகளையும் பாப்ளார் மரங்களையும் காட்டி, "வானத்தை முடித்துவிட்டு ஆற்றுக்கு வராதீர்கள், ஒரே குவியலிலிருந்து இரண்டுக்கும் எடுங்கள், நீருக்கு மட்டும் சற்று அழுத்தம் கூட்டுங்கள்" என்றார்.

நீரின் பிரதிபிம்பத்தைப் பற்றி அவர் சொன்னவற்றைக் கேட்டபிறகு, எத்தனையோ ஆறுகளைக் கண்ணாற் கடந்தேனேயன்றி ஒன்றையேனும் உற்று நோக்கினேனா என்ற சந்தேகம் எனக்கு உண்டாயிற்று. வெள்ளைச் சுவரின் நிழலுரு நீரில் சுவரைவிடச் சிறிது மங்கியும், கரிய மரத்தினுடையது மரத்தைவிடச் சிறிது வெளிறியும் தோன்றும். தூரத்து நீர் ஆகாயத்தை வாங்கிக்கொள்ள, காலடியிலுள்ள நீரோ அடிமண்ணின் பசுமையைக் காட்டிக் கொடுக்கும். ஆகவே பிரதிபிம்பங்களை மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு, ஈரம் உலர்வதற்குள், சிற்றலைகளுக்காகக் குறுக்கே சில கோடுகள் வைக்க வேண்டும். வைத்தபின் தடவிக் குழப்பலாகாது. தொட்ட தூரிகையைத் துடைத்த பின்னரே மறுவர்ணத்தைத் தொடவேண்டும்.

மோனேயின் ஆற்றோவியங்களைக் காண்போர் இவை ஒரே மூச்சில் எழுதப்பட்டவை என்று நினைப்பதும், மோனேயும் அவர் தோழர்களும் 1874-இல் நடத்திய கண்காட்சியைக் கண்ட விமரிசகர்கள் சிலர் அரைகுறை வேலை என்று எள்ளியதும் ஒரே மயக்கத்தின் விளைவுகளே என்பேன். மோனேயின் படங்கள் பலவற்றில், காய்ந்த படலத்தின்மேல் மீண்டும் மீண்டும் வர்ணம் ஏறியிருக்கும் தடயங்கள் உண்டு. 1896-97-இல் ஷிவெர்னிக்கு அருகே, எப்த் ஆறு ஸேனுடன் கூடுமிடத்தில், விடியுமுன்னரே படகேறிச் சென்று, ஒளி மாற மாறக் கித்தானையும் மாற்றி, மறுநாள் அதே வேளையில் அதே கித்தானை எடுத்து அவர் எழுதிய விடியற்காட்சிகளில், ஒரு கணம் என்பது பல காலைகளின் கூட்டுத்தொகை.

அக்கணத்துக்குப் பின்னால் வேறு கைகளும் உண்டு. அம்மையாரின் சிபாரிசின்பேரில் நான் பார்க்கச் சென்ற ஒரு சிறு வர்ணப் பட்டறையில், மூன்று உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழலும் இயந்திரத்தின் முன்னே, நிறத்தூளையும் எண்ணெயையும் பிசைந்த கூழை மறுபடி மறுபடி செலுத்திக்கொண்டிருந்தார் ஒரு தொழிலாளர். ஒவ்வொரு நிறத்தூளும் வேண்டும் எண்ணெயின் அளவு வேறு. ஆளி விதை எண்ணெயில் மஞ்சள் படியும் என்பதால் வெள்ளைக்கும் இளநீலத்துக்கும் கசகசா எண்ணெய் வார்க்கிறார்கள். அவர் கத்தி முனையால் சிறிது எடுத்துக் கண்ணாடிப் பலகையில் இழுத்தார். வெண்ணெய்ப் பதத்தில், இழுத்த கோடு சரியாமல் நின்றது. அதுதான் அவருக்குப் பரீட்சை. அப்படி நிற்காவிட்டால் எந்தச் சித்திரக்காரர் வைத்த கோடும் கித்தானில் நிற்காது. தேர்ந்த வர்ணத்தை, அடி திறந்த குழாய்களில் நிரப்பி வாலை மடித்து நசுக்குகிறார்கள். ஜான் காஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் 1841-இல் இந்தத் தகரக் குழாய்க்கு உரிமை பெறுமுன், பன்றியின் சிறுநீர்ப்பையில் வர்ணத்தைக் கட்டி, ஊசியால் குத்திப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள்; அதைச் சுமந்து ஆற்றங்கரைக்குப் போவது அவ்வளவு சுலபமன்று. ரசாயன அறிஞர் தெனாரின் கோபால்ட் நீலமும், 1859-இல் கின்யே என்னும் மற்றோர் அறிஞர் உரிமை பெற்ற விரிடியன் பச்சையும் இல்லையேல், அந்த ஆறுகள் வேறு நிறத்தில் ஓடியிருக்கும். "கண்காட்சிக்கு எங்களை யாரும் அழைப்பதில்லை" என்று அத்தொழிலாளர் சிரித்துக்கொண்டே சொன்னதில், மனத்தாங்கலைவிடப் பெருமிதமே மிகுந்திருந்ததாக எனக்குப் பட்டது.

பிற்பகலில் சரக்குப் படகு ஒன்று கடந்து சென்று, பாப்ளார்களின் பிரதிபிம்பங்கள் அனைத்தையும் சிதறடித்தது. அம்மையார் என் கையை ஆற்றிலிருந்து கரைக்குத் திருப்பி, நீர் அடங்கும்வரை புல்வெளியை எழுதச் சொன்னார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நிழல்கள் இடம் மாறிவிட்டன, போதும் என்றார். ஈரம் காயாத என் கித்தானையும் அவருடையதையும் முகத்துக்கு முகமாக வைத்து, மூலைகளில் தக்கைகளைச் செருகிக் கயிற்றால் கட்டினோம். நாளைக்கு வெயில் இருந்தால் இதே வேளையில் இதையே தொடரலாம், மேகமாக இருந்தால் வேறொரு கித்தான் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, டர்பன்டைன் புட்டியை இறுக மூடினார் அவர்.