குடலில் மறைந்த நோய்

வயிற்று வலி, விட்டு விட்டு வரும் காய்ச்சல், உடல் மெலிவு ஆகிய இம்மூன்றும் ஒருங்கே தோன்றினால் நம் நாட்டு மருத்துவர் முதலில் எண்ணுவது குடல் காசநோயையே. காசம் இங்கே அவ்வளவு மலிந்துள்ளது. ஆயினும் அதே அடையாளங்களோடு வேறொரு நோயும் வரும் என்பதை எங்கள் பெரியப்பாவின் நோயால் அறிந்தோம்.

முப்பது ஆண்டுகளாக நாக்பூரில் வசிப்பவர் அவர். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண்ணும் தடிப்பும் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. காசம் பெரிதும் பற்றுவது அவ்விடத்தைத்தான். நிணத்திசு அங்கே செறிந்திருப்பதால் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றும் அங்கே தோன்றுவதுண்டு. க்ரோன் நோய்க்கும் அதுவே இடம்!

கொலனாஸ்கோப்பி செய்து சதைத் துணுக்கு எடுத்தார்கள். 'அழற்சி' என்று மட்டும் அறிக்கை வந்தது. கருவியின் இடுக்கி குடலின் மேற்பரப்பையே கிள்ளும். புற்றோ அடியடுக்கிலும் ஒளிந்திருக்கும். பல இடங்களில், சற்று ஆழமாக எடுத்தால்தான் அகப்படும் என்று பின்னர் ஒரு மருத்துவர் விளக்கினார். சிறுகுடலின் நடுப்பகுதியில் இருந்தாலோ அக்கருவி எட்டவே எட்டாது.

ஆகவே காச மருந்து தொடங்கப்பெற்றது. ஐயம் தீராதபோது மருந்தையே சோதனையாக்குவது இந்நாட்டில் வழக்கந்தான். காசமாயின் இரண்டு மூன்று மாதங்களில் புண் ஆறத் தொடங்கவேண்டும். பெரியப்பாவுக்கு முதலில் சற்றே பசி எடுத்தது, வீடே மகிழ்ந்தது. எடை மட்டும் ஏறவில்லை. "ஊர்த் தண்ணீரை விட்டுப் போனதால் வந்த வினை" என்று கும்பகோணத்து அத்தை தொலைபேசியில் தீர்ப்பளித்தார்.

மூன்றாம் மாதம் குடல் அடைத்துக்கொண்டது. அறுவையில் வெட்டியெடுத்த பகுதியிற்றான் உண்மை புலனாயிற்று. அப்போதும் நோயின் வகை உடனே தெரிந்துவிடவில்லை. உயிரணுக்களின் மேலுள்ள சிடி-20, சிடி-3 முதலிய குறிகளைச் சாயமேற்றிப் பார்க்கவேண்டுமாம். திசு பொதிந்த மெழுகுக் கட்டியை ஓர் எவர்சில்வர் சம்புடத்தில் வைத்து, நாங்களே இரவு இரயிலில் மும்பைக்கு எடுத்துச் சென்றோம். பி வகைப் பேரணு லிம்போமா என்று உறுதியாயிற்று. சிடி-20 இருந்தமையால் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்க முடிந்தது.

முதல் மருத்துவர்மேல் எங்களுக்குச் சினமில்லை. எனினும், காச மருந்தை எழுதிய அன்றே, மறுபடியும் உள்ளே பார்க்கவேண்டிய நாளையும் அவர் குறித்துத் தந்திருக்கலாம். க்ரோன் நோயென்று கருதி ஸ்டீராய்டு கொடுக்காதது எங்கள் நல்லூழ். அதனால் புற்று சிலகாலம் சுருங்கி, திசுச் சோதனையையே ஏமாற்றியிருக்கக்கூடும்.

இருபத்தொரு நாட்களுக்கு ஒருமுறையாக ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். பெரியப்பா இப்போது மாலையில் கடைத்தெரு வரை நடந்து வருகிறார். மெழுகுக் கட்டியின் மீதி பெரியம்மாவின் அலமாரியில், அதே சம்புடத்தில் இருக்கிறது. எறிந்துவிட வேண்டாமென்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.