மூணு பேர், அஞ்சு ஏக்கர், ஒரு ஒயின் கம்பெனி

"மச்சான், நாம ஒரு ஒயின் கம்பெனி ஆரம்பிச்சா என்னடா?"

போன வருஷம் ஜனவரி மாசம். கவரைப்பேட்டையில் ஜி.என்.டி. ரோடு ஓரத்து டீக்கடை. சிப்காட்டுக்கு இரும்பு ஏற்றிப் போகிற லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நடுவில் இப்படி ஒரு கேள்வி. கேட்டவன் ஊத்துக்கோட்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மீஞ்சூர். நான் கும்மிடிப்பூண்டி. (எங்கள் கும்பலில் ஊர்ப்பெயர்தான் பெயர். நிஜப்பெயர் அட்டெண்டன்ஸில் மட்டும்.)

கேள்விக்குக் காரணம் மீஞ்சூரின் பாட்டி. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலேயே பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார். அந்த வருஷம் கேக்கோடு எங்களுக்கும் அரை டம்ளர் கிடைத்தது. இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, தொண்டையில் லேசாக ஒரு சூடு. அவ்வளவுதான், மூணு பேரும் தொழிலதிபர் ஆகிவிட்டோம் :-)

ஊத்துக்கோட்டையிடம் அஞ்சு ஏக்கர் இருக்கிறது. அதாவது அவன் அப்பாவிடம். நெல், வேர்க்கடலை, ஒரு போர்வெல். மீஞ்சூரிடம் பாட்டியின் கைப்பக்குவம். என்னிடம்... கால்குலேட்டர். கணக்கு என் வேலை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்வி: "படிச்சு முடிச்சிட்டு சாராயக் கடை வைக்கப் போறியா?" அவரைக் குறை சொல்ல முடியாது. நம்ம ஊரில் 'ஒயின்ஷாப்' என்று சொல்கிற கடையில் ஒயின் வாங்க வருகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் தெருவிலேயே குடியால் குலைந்துபோன வீடுகள் இருக்கின்றன. அம்மாவுக்கு ஒயின், பிராந்தி, சாராயம் எல்லாம் ஒரே வரிசை. ஒரு வகையில் சட்டத்துக்கும் அப்படித்தான். 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அதாவது பாட்டியின் ஜாடியே குற்றம்! இதை நாங்கள் பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒரு ஏக்கர் ஒயின் திராட்சையில் மூணு டன் வந்தால், அஞ்சு ஏக்கருக்கு 15 டன். ஒரு டன்னைப் பிழிந்தால் சுமார் 650 லிட்டர். மொத்தம் 9,750 லிட்டர். 750 மில்லி பாட்டிலில் அடைத்தால் சரியாக 13,000 பாட்டில். பாட்டில் 500 ரூபாய் என்று வைத்துப் பெருக்கினேன். 65 லட்சம்! அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க நன்றாகத் தூக்கம் வந்தது.

முதல் அடி மழை. மகாராஷ்டிராவில் திராட்சைக் கொடியை வருஷத்துக்கு ரெண்டு தடவை வெட்டுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒரு தடவை. செப்டம்பர், அக்டோபரில் மறுபடியும். இந்த ரெண்டாவது வெட்டுக்குப் பிறகு வருகிற காய்தான் ஒயினுக்கு. அதற்குப் பிறகு அங்கே மழை குறைவு, ராத்திரியில் குளிர். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. நம்ம ஊரில்? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அங்கே பூ விடுகிற நேரத்தில் இங்கே தோட்டத்தில் தண்ணீர் நிற்கும். ஈர இலையில் அடிச்சாம்பல் நோய் வந்தால் கொடியே காலி.

ரெண்டாவது அடி சர்க்கரை. ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால். 12 சதவீதம் வேண்டுமென்றால் 204 கிராம் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை (2023இல் புவிசார் குறியீடு வாங்கியது) சாப்பிட எவ்வளவு இனித்தாலும் வழக்கமாக இதைவிடக் கொஞ்சம் கீழேதான். பாட்டி ஏன் சர்க்கரை போடுகிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கம்பத்திலிருந்து பழத்தை வாங்கி இங்கே தயாரிக்கலாமே என்றால், ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வர வேண்டும். மெல்லிய தோல் பழம். கும்மிடிப்பூண்டி வெயிலில் இறக்கும்போதே பாதி புளித்துவிடும்.

மூணாவது அடி விற்பனை. தமிழ்நாட்டில் மது மொத்த விற்பனை 1983இலிருந்து டாஸ்மாக் கையில். சில்லறை விற்பனையும் 2003 கடைசியில் அதன் கைக்குப் போனது. மகாராஷ்டிரா வேறு வழியில் போனது. 2001இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை கொண்டு வந்து, ஒயினுக்குக் கலால் வரிச் சலுகை கொடுத்து, நாசிக் பக்கம் விஞ்சூரில் ஒயின் பூங்கா வைத்தது. சூலா நிறுவனம் 2005இலேயே தோட்டத்தில் சுவைக்கூடம் திறந்து, வருகிறவர்களுக்கு நேராக விற்க ஆரம்பித்தது. சின்ன ஒயின்காரன் பிழைப்பதற்கு இந்த நேர் விற்பனை ரொம்ப முக்கியம்.

இவ்வளவும் படித்த பிறகும் ஊத்துக்கோட்டை விடவில்லை. "யாராவது நம்மள மாதிரி கூட்டா சேர்ந்து செஞ்சிருப்பாங்கடா, தேடு" என்றான். தேடினேன். கிடைத்தது.

ஃபிராட்டெல்லி. இத்தாலிய மொழியில் 'சகோதரர்கள்' என்று அர்த்தம். மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜ். மூன்று குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் ரெண்டு சகோதரர்கள். அக்லூஜின் மோகிதே-பாட்டீல் சகோதரர்கள், டெல்லியின் சேக்ரி சகோதரர்கள், இத்தாலியின் செக்கி சகோதரர்கள். கூடவே டஸ்கனியைச் சேர்ந்த ஒயின் நிபுணர் பியெரோ மாசி. மொத்தம் ஏழு பேர். அவர்களுடைய பெரிய ஒயினின் பெயரே 'செட்டே', அதாவது ஏழு. 2006, 2007 வாக்கில் இறங்கினார்கள். சுமார் 240 ஏக்கர். சான்ஜோவேசே என்கிற இத்தாலி ரகத்தை சோலாப்பூரின் வறண்ட மண்ணில் வளர்த்துக் காட்டினார்கள். ஒயின் சந்தைக்கு வந்தது 2010 வாக்கில்.

இதைப் படித்துவிட்டு மூணு பேரும் குதித்தோம். "பார்த்தியா, அவங்களும் கூட்டாளிங்கதான்!"

அந்த வேகத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டை வீட்டுக்குப் போய் அவன் அப்பா முன்னால் உட்கார்ந்தோம். (அவன் நைனா என்றுதான் கூப்பிடுவான்.) என் கணக்கு நோட்டை விரித்து பதினஞ்சு நிமிஷம் பேசினேன். அவர் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் மூணு கேள்வி.

"கொடி நட்டா எப்போ காய்க்கும் தம்பி?"

"மூணு வருஷம் ஆகும் அங்கிள். அப்புறம் ஒயின் தயாராக இன்னும் ஒரு வருஷம்."

"அந்த நாலு வருஷம் வூட்ல சோறு யார் போடுவா?"

என் நோட்டில் அதற்குப் பத்தி இல்லை.

"சரி, உங்க மூணு பேர்ல ஒருத்தன் நடுவுல போய்ட்டா இன்னா பண்ணுவீங்க?"

"யாரும் போக மாட்டோம் அங்கிள்" என்று நான் பாட்டுக்குச் சொல்லிவிட்டேன். மீஞ்சூர் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான். புனேயில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து ரெண்டு வாரம் ஆகிவிட்டதாம். எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கிறான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. எனக்குக் கோபம் அவன் வேலைக்குப் போவதில் இல்லை, சொல்லாமல் இருந்ததில்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவன் சொல்ல முடியாதபடி வைத்தது நாங்கள்தான். கனவைப் பற்றி மட்டுமே பேசினோம். 'உன்னால் எவ்வளவு நாள் காத்திருக்க முடியும்?' என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அவனுக்குக் கல்விக் கடன் இருக்கிறது, வீட்டில் தங்கை இருக்கிறாள். அவனால் நாலு மாசம்கூடக் காத்திருக்க முடியாது.

மறுபடி ஃபிராட்டெல்லி கதையைப் படித்தேன். இந்தத் தடவை வேறு மாதிரித் தெரிந்தது. அக்லூஜ் குடும்பத்துக்கு அந்த மண்ணும் மக்களும் பழக்கம். டெல்லி குடும்பத்துக்கு வியாபாரம். இத்தாலிக்காரர்களுக்கு ஒயின். ஒருத்தரிடம் இல்லாதது இன்னொருத்தரிடம் இருந்தது. திராட்சை காய்க்காத வருஷங்களிலும் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. எங்கள் மூணு பேரிடமும் இருந்தது ஒன்றே ஒன்று, ஆசை. அதுவே மூணு பிரதி.

மற்றவர்களையும் பார்த்தேன். பெங்களூர் பக்கம் நந்தி மலையில் கன்வல் குரோவர் 1988இல் ஆரம்பித்தார், முதல் ஒயின் 1992இல். சூலாவின் ராஜீவ் சமந்த் கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் வேலையை விட்டு நாசிக்கில் குடும்ப நிலத்துக்கு வந்தவர். 1997இல் கொடி நட்டு 2000இல் பாட்டில். நாசிக்கில் குர்னானி குடும்பத்தின் யார்க் என்கிற சின்ன ஒயின் ஆலை, மூன்று பிள்ளைகளின் பெயர் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். ஒரு மகன் ஆஸ்திரேலியா போய் ஒயின் தொழிலையே படித்து வந்தார். அவ்வளவு செய்தும் 2021இல் சூலாவிடம் போய்ச் சேர்ந்தது. நாராயண்காவின் இண்டேஜ் 1980களிலேயே தொடங்கிய முன்னோடி. 2008க்குப் பிறகு கடனில் மூழ்கிப்போனது. பழம் கொடுத்த விவசாயிகளின் பாக்கியும் அதோடு மூழ்கியது.

நைனா தன் மூணு கேள்வியை இந்தக் கதைகளைப் படித்துக் கேட்கவில்லை. பயிர் வைக்கிற ஆளுக்கு அது தானாகவே தெரிகிறது. நண்பர்களோடு தொழில் ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்: லாபக் கணக்கு போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் ஒவ்வொருத்தர் பெயருக்கு நேராகவும் 'வருமானம் இல்லாமல் எத்தனை மாசம்?' என்று எழுதச் சொல்லுங்கள். வெட்கப்படாமல் நிஜத்தை எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளில் வருகிற சின்ன எண்தான் உங்கள் கம்பெனியின் ஆயுள். நாங்கள் அதை டீக்கடையிலேயே எழுதியிருந்தால், மீஞ்சூர் ரெண்டு வாரம் திருடன் மாதிரி முழித்திருக்க வேண்டாம்.

மீஞ்சூர் இப்போது புனேயில் இருக்கிறான். அக்லூஜுக்கு அங்கிருந்து பஸ் இருக்கிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது நைனா கூப்பிட்டு, "அஞ்சு ஏக்கர்லாம் வாணாம். மோட்டார் ரூம் பக்கத்துல ரெண்டு கொடி வெச்சுப் பாருங்க" என்றார். ஜூலையில் ரெண்டு பன்னீர் திராட்சைக் கன்று நட்டோம். நவம்பர் மழையில் ஒன்று போய்விட்டது, அதே அடிச்சாம்பல் நோய். இன்னொன்று மோட்டார் ரூம் கூரையைத் தொட்டுவிட்டது. காய்க்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது. ஒயினெல்லாம் இல்லை, வெறும் பழம்தான். நைனாவே தண்ணீர் விடுகிறார்.