அப்பாவின் கேசட்டில் ஒட்டியிருந்த செலோடேப்

ஆடியோ கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு மூலைகளிலும் காது மாதிரி சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மறுபடி பதிவுசெய்ய முடியாது. ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். உடைந்த ஓட்டையின் மேல் துண்டு செலோடேப் ஒட்டினால் பட்டன் மறுபடி அமுங்கும் என்பதும் தெரியும்.

போன மாதம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது கையில் வந்த டிடிகே 60 கேசட்டில் மஞ்சளாகிப்போன செலோடேப் துண்டு ஒன்று இருந்தது. ஒட்டியது நான்தான். 1986-ல், பத்தாம் வகுப்பு படிக்கும்போது.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் பாட்டு கேட்கிற பழக்கம் கிடையாது. அவரோடு வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ இந்தியர்தான், "தனி ஆவர்த்தனம்னா உயிரை விடுறியே, இதைக் கேட்டுப் பாரு" என்று சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா எங்கே வரும் என்று காட்டிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து ராத்திரி நாங்கள் படுத்த பிறகு அப்பா ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். முதலில் 'டேக் த ஏ ட்ரெய்ன்' இசை வரும். பிறகு ஆழமான ஒரு குரல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகப் பேசும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அப்பாவுக்கே அந்த இங்கிலீஷ் புரிந்தது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வில்லிஸ் கானோவர். 1955-ல் ஜாஸ் நிகழ்ச்சியைத் தொடங்கியவர், 1996-ல் இறக்கும் காலம் வரை நடத்தினார். வேகமாகப் பேசினால் வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியாது, சிற்றலையின் இரைச்சலிலும் அடிபட்டுப் போகும் என்பதற்காகவே அந்த நிதானம். சோவியத் யூனியனிலும் போலந்திலும் அவருக்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள். ஆனால் சொந்த நாட்டில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வெளிநாட்டுக்கான ஒலிபரப்பு. அதை உள்நாட்டு மக்களுக்குப் பரப்பக் கூடாது என்று அங்கே சட்டமே இருந்தது. பொன்மலைக் குவார்ட்டர்ஸில் ஒரு ஃபிட்டருக்குத் தினமும் பழகிய குரல், நியூயார்க்கில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது!

சம்பள நாளில் ஒரு வெற்றுக் கேசட் வாங்குவது அப்பாவின் ஒரே ஆடம்பரம். கையடக்க டேப் ரெக்கார்டரை ரேடியோவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு வைத்துப் பதிவு செய்வார். முடிந்ததும் காதை உடைத்துவிடுவார். நான் எடுத்த கேசட்டின் லேபிளில் நீல மையில் எழுதியிருந்தார். ஏ பக்கம் மாங்க், பி பக்கம் எலிங்டன்.

எனக்கு அப்போது 'மௌன ராகம்' பைத்தியம். புதுக் கேசட் வாங்கக் காசில்லை. ரெக்கார்டிங் சென்டரில் ஒரு பக்கத்துக்குக் கொடுக்க மட்டும் காசு இருந்தது. பெட்டியிலிருந்து கைக்கு வந்த கேசட்டை எடுத்தேன், ஓட்டையில் செலோடேப் ஒட்டினேன், கொண்டுபோய்க் கொடுத்தேன். மாங்க் என்றால் சாமியார் என்று டிக்‌ஷனரியில் படித்திருந்தேன். ஏதோ பஜனை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தக் கேசட்டைப் போட்டார். பாட்டு வந்தது. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "ஏன்டா, வேற கேசட் கிடைக்கலியா?" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன்.

தெலோனியஸ் மாங்க் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆனது. 2005-ல் வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸில், வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த லாரி ஆப்பிள்பாம் கண்ணில் ஒரு டேப் பட்டது. 1957 கார்னகி ஹால் கச்சேரி என்பது போக, 'டி. மாங்க்' என்று மட்டும் குறிப்பு. ஓடவிட்டால், மாங்க்கின் பியானோவோடு ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோன்! அந்த இருவரும் சேர்ந்து வாசித்தது 1957-ல் சில மாதங்கள்தான். அதில் ஒழுங்காகப் பதிவானது மிகக் கொஞ்சம். ஹார்லெமின் ஒரு சமூக நல மையத்துக்காக நவம்பர் 29 அன்று நடந்த அந்தக் கச்சேரி, 48 வருடம் அலமாரியில் தூங்கியிருக்கிறது. அதே வருடம் ஆல்பமாக வெளியானது. செய்தியைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நீல மையில் எழுதிய அந்த லேபிள்தான். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொருவர் கதையும் உண்டு. வில்லியம் சேவரி என்று நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவு இன்ஜினீயர். 1930-களின் பிற்பகுதியில் ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்பான கச்சேரிகளைத் தட்டுகளில் வெட்டிப் பதிந்து வைத்தார். அன்றைய சாதாரண இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். அதற்குள் பாட்டை அடக்கியாக வேண்டும். சேவரியோ பெரிய தட்டுகளை மெதுவாகச் சுழலவிட்டுப் பதிந்ததால், கலைஞர்கள் மூச்சு முட்ட வாசித்த நீண்ட வாசிப்புகள் முழுசாகத் தங்கின. கவுன்ட் பேஸி, பில்லி ஹாலிடே, கோல்மன் ஹாக்கின்ஸ் என்று பெரிய தலைகள். ஆனால் கேட்கக் கொடுக்க மாட்டார். லோரன் ஷூன்பெர்க் என்ற சாக்ஸபோன் கலைஞர் வருடக்கணக்காகக் கேட்டும் மசியவில்லை. 2004-ல் சேவரி இறந்த பிறகு, 2010-ல் அவர் மகன் வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. கிட்டத்தட்ட ஆயிரம் தட்டுகள். ஹார்லெமிலுள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. ஏறக்குறைய கால்வாசி நல்ல நிலையில், பாதி பழுது பார்க்கும் நிலையில், மீதி ரொம்ப மோசம். பூஞ்சை, உதிர்ந்த மேல்பூச்சு.

சேவரி மேல் எனக்குக் கோபம் உண்டு. கொஞ்சம் முன்னாலேயே கொடுத்திருந்தால் அந்த மீதியும் பிழைத்திருக்குமே! ஆனால் இதை நான் பேசக் கூடாது. அவர் பூட்டித்தான் வைத்தார்.

பெட்டியில் மொத்தம் 31 கேசட்டுகள். பழைய பிளேயர் ஒன்றைத் தேடி வாங்கினேன். முதல் கேசட்டிலேயே டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற பஞ்சுத் துண்டு கழன்று விழுந்தது. ஐந்து திருகாணிகளைக் கழற்றி, சுருளை அப்படியே எடுத்து வேறொரு கூட்டில் மாட்டினேன். மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருந்தால், ஹெட்டுக்குப் பக்கத்திலுள்ள குட்டித் திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். ஓர் இடத்தில் திடீரென்று சிம்பல் சத்தம் கணீரென்று எழும். அங்கே நிறுத்திவிட வேண்டும். எம்பி3-யாக அமுக்காமல் வேவ் ஃபைலாகவே சேமித்தேன். ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று தங்கை வீட்டில்.

கானோவரின் சேகரிப்பு இப்போது வட டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே தேடி, நான் அழித்ததைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அப்பா தேதி எழுதவில்லை. நாற்பது வருட நிகழ்ச்சிகளில் எந்த ராத்திரி என்று தேடுவது? உங்கள் வீட்டில் பழைய கேசட் இருந்தால், இன்றைக்கே தேதியும் இடமும் ஞாபகம் இருக்கிறவர்களைக் கேட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். ஞாபகம் இருக்கிறவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

அந்த டிடிகே கேசட்டைக் கடைசியில்தான் எடுத்தேன். பி பக்கம், எலிங்டன். அலை ஏறி இறங்கி, நடுவில் வேறொரு நிலையம் குறுக்கே பேசிவிட்டுப் போகிறது. மைக் வைத்துப் பதிந்ததால் எங்கள் வீடும் பதிவாகியிருக்கிறது. மின்விசிறியின் கடகட சத்தம், அப்பாவின் அடக்கிய இருமல், யார்டிலிருந்து நீளமாக ஓர் இன்ஜின் ஊதல்.

திருப்பிப் போடும்போதுதான் லேபிளைச் சரியாகப் பார்த்தேன். 'மாங்க்' என்பதை அப்பா அடிக்கவில்லை. அதன் கீழே பென்சிலில் 'சினிமா பாட்டு' என்று சேர்த்து எழுதியிருக்கிறார்.

ஏ பக்கத்தையும் முழுக்க ஓடவிட்டேன். கடைசிப் பாட்டு முடிந்தது. கடைக்காரர் ஸ்டாப் பட்டனை அழுத்திய டக் சத்தம். நிறுத்தப் போனேன். அப்போது பியானோ வந்தது. சினிமா பாட்டு டேப்பின் கடைசி வரை எட்டவில்லை போலிருக்கிறது. தடுமாறுவது மாதிரி ஒரு நோட்டு, ஓர் இடைவெளி, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இன்னொன்று. பிறகு மின்விசிறி. அப்பா நாற்காலியை நகர்த்துகிற சத்தம். டேப் தீர்ந்தது.

மொத்தம் 43 விநாடி. அதற்குத் தனியாக ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன். செலோடேப்பை இன்னும் பிரிக்கவில்லை.