அத்தை வீட்டுச் செராய்

செராய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சைப் புல்லை நட யாரும் விதை தேடிப் போனதில்லை. நம் ஊரில் அது பூத்துப் பார்ப்பதே அபூர்வம். சுங்கைப்பட்டாணி சந்தையில் சமையலுக்கு வாங்கும் கட்டிலேயே நாற்று இருக்கிறது. அடிக்கட்டை நறுக்கப்படாத தண்டாகப் பார்த்து எடுத்தால் போதும். தண்ணீர்க் குவளையில் நிறுத்தி வேர் விடும்வரை காத்திருக்கும் பொறுமை அத்தைக்கு இல்லை. ஒரு சாணுக்கு மேலே உள்ள இலையைக் கழித்துவிட்டு, இரண்டு மூன்று தண்டுகளைச் சேர்த்து நேராக மண்ணில் ஊன்றுவார்.

நாங்கள் இருந்தது பாடாங் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். லயத்து வீடுகளுக்குப் பின்னால் குளிக்கிற தண்ணீர் ஓடும் காண். அதை ஒட்டியும் ஒட்டாமலும் செராய் நிற்கும். ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் தூர் அழுகிவிடும். முழு வெயில், கொஞ்சம் சாணம், தூருக்குத் தூர் இரண்டடி. நாலைந்து மாதத்தில் குழம்புக்கு எடுக்கலாம். கத்தியோடு போனால் அத்தை திட்டுவார். வெளிச்சுற்றுத் தண்டை அடியில் பிடித்து, ஒரு திருகு திருகி இழுக்க வேண்டும். நடுவில் இருக்கும் இளசு அடுத்த மாதத்துக்கு. இலை ஓரம் கையைக் கிழிக்கும் என்பதை நாங்கள் கிழிபட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

அத்தைக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. விடியலில் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடப்பார். லாலாங் புல்லைக் கொல்லத்தான் அந்தச் சம்பளம். லாலாங்கும் புல்தான், ஆனால் தரைக்கடியில் கிழங்கு ஓட்டி ஊரை வளைக்கும். செராய் நட்ட இடத்திலேயே தூர் பெருக்கும். பகலெல்லாம் ஒரு புல்லைச் சாகடித்துவிட்டு, சாயங்காலம் இன்னொரு புல்லுக்குச் சாம்பல் தூவுகிற பெண்கள் எங்கள் லயத்தில் நிறையப் பேர். சோற்றில் கை வைக்கும் முன் அத்தை செராய் இலையைக் கசக்கி உள்ளங்கையில் தேய்ப்பார். சோப்புக்குப் போகாத மருந்து வாடை அதற்குப் போகும் என்று நம்பிக்கை. வாடை போனதோ என்னவோ, நகம் தேறவில்லை. கட்டைவிரல் நகம் வெளுத்து, குறுக்கே பிளந்து, பிறகு உதிர்ந்தது.

அந்த மருந்து பாராகுவாட் என்ற களைக்கொல்லி. தோட்டத்துப் பெண்களின் மூக்கு ரத்தம், நகம், கண் எரிச்சல் எல்லாவற்றையும் தெனாகானித்தா என்ற தொண்டு அமைப்பு 2002-ல் அறிக்கையாகவே கொண்டுவந்தது. மலேசிய அரசு அந்த ஆண்டு தடை அறிவித்தது, 2006-ல் தளர்த்தியது, மறுபடி முழுத்தடை வர 2020 ஆனது. அதற்குள் எங்கள் லயமே இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1996-ல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தபின் பிள்ளைகள் பேக்டரி பஸ் ஏறினார்கள். ஆளாளுக்குத் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோனோம். செராய்த் தூர்களை மண்வெட்டியால் நாலாகப் பிளந்து கோணிப்பையில் கட்டிக்கொண்டோம். சில வருஷத்துக்கு ஒருமுறை பிளந்து நட வேண்டிய செடிதான் அது. விட்டால் நடுவே காய்ந்து பொக்கையாகிவிடும்.

வெட்டிவேரும் இதே புல் குடும்பம்தான், ஆனால் நடும் முறை வேறு. மலேசிய ரப்பர் ஆய்வுக் கழகத்தில் பி.கே. யூன் என்பவர் அதைச் சோதித்து 1991-ல் அறிக்கை எழுதினார். பின்னர் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலைச் சரிவுகளிலும் நட்டார்கள். மண் கரையாமல் வேலியாக நிற்க வேண்டுமானால் அரையடிக்கும் குறைவான இடைவெளியில் நெருக்கி நட வேண்டும். செராய்க்கு அந்த நெருக்கம் ஆகாது, தண்டு பருக்காது.

பாம்பு வராது என்று வீட்டைச் சுற்றிச் செராய் வைப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. காய்ந்த இலையைக் கழிக்காவிட்டால் எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பும் வரும் என்று மட்டும் சொல்வேன். கொசுவுக்கென்று விற்பது ‘செராய் வாங்கி’ என்ற வேறு வகை. அடித்தண்டு சிவந்திருக்கும், குழம்புக்கு ஆகாது. பக்கத்து வீட்டம்மா அதைப் போட்டு நெத்திலி சம்பல் வைத்து ஒரு சட்டி வீணானது.

இப்போதும் தாமான் காண் ஓரம் மருந்தடிக்க ஒரு பையன் வருகிறான். முகத்தில் துணி இல்லை, கையில் உறை இல்லை. அத்தை வாசலுக்கு வந்து மலாயில் சத்தம் போடுகிறார், தன் செராயைத் தொடாதே என்று. அடுத்த மூச்சில் அவன் கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்க்கிறார்.