பாபின்

சாலைக் கடைத்தெருவில் வாங்கிவந்த மூன்று மீட்டர் லினனை அவர் உடனே வெட்டவில்லை. நீரில் ஊறவைத்தார். தைத்த பின் சுருங்குவதைவிட முன்பே சுருங்கிவிடுவது நல்லது. ஈரம் முற்றும் வற்றுமுன் இஸ்திரி போட்டு, கழுத்துப் பகுதியைச் சாக்கட்டியால் வரைந்துகொண்டார். வெட்டுவது பூவேலைக்குப் பிறகுதான். வெட்டிய சிறு துண்டு எம்பிராய்டரி வளையத்தில் இறுக நிற்காது.

பூவைக் கணினி இயந்திரம் போடுகிறது. ஆனால் ஒட்டுத்துண்டில் போட்டுப் பார்த்த முதல் மாதிரி கெட்டது. லினன் நெசவு நெகிழ்வானது. நெருங்கி விழுந்த தையல் இழைகளை உள்ளிழுக்க, இதழ்களைச் சுற்றிச் சுருக்கம் கண்டது. தையலின் நெருக்கத்தைக் குறைத்தார். அடியில் இன்னொரு தாள் வைத்தார். மேல்நூலின் இழுவிசையைச் சற்றே தளர்த்தினார். மூன்றாம் மாதிரியில்தான் பூ படிந்து கிடந்தது.

உடைக்குச் சொல்லியிருந்த மாணவி, ஊர்க்காரியும்கூட, கூலியைக் கேட்டதும் தயங்கினாள். மெஷின்தானே போடுகிறது, அதற்கு இவ்வளவா?

“மிஷினுதான் மக்களே பூ போடுது. சுருக்கத்த யாரு எடுக்கது?”

அவர் பிறந்தது நாகர்கோவில் பக்கம். பாட்டி லேஸ் பின்னியவர். உருட்டுத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வேலை அது. அக்கட்டைக்குப் பெயர் பாபின்; இன்று இயந்திரத்தின் அடிநூலைத் தாங்கும் சிறு உருளைக்கும் அதே பெயர். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1821இல் நாகர்கோவிலில் இத்தொழிலைத் தொடங்கினார். அவ்வூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. பின்னல் கூலியைக் கொண்டே அடிமைநிலையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகள் பேசுகின்றன. மால்ட் அம்மையாரின் பெயர் நிலைத்துவிட்டது. பின்னியவர்களின் பெயர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அதே அரசில், பெண்ணின் தோளில் எந்தத் துணி எப்படிக் கிடக்க வேண்டும் என்பதை ஆணைகள் வரையறுத்தன. 1829ஆம் ஆண்டு ஆணை நாடார் கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்தது, தோள்சீலையை மறுத்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் அறிவிப்பு எல்லாச் சமயத்து நாடார் பெண்களும் முரட்டுத் துணியால் மார்பை மறைத்துக்கொள்ள இசைந்தது. ஆயினும் மேல்சாதியார் அணியும் விதத்தில் அல்ல. உயர்ந்த பூவேலையைச் செய்த கைகளுக்கு முரட்டுத் துணி விதிக்கப்பட்டது. இன்று கட்டியும் முடிச்சுமாய் இழை தெரியும் லினன்தான் உயர்ந்த விலைக்குப் போகிறது!

இடையில் ஒரு சொல். உடையின் உட்புறத்துக்கு அவர் வெள்ளைப் பருத்தியை வைத்தார். தையற்காரர் யாவரும் அதை லைனிங் என்பர். ஒருகாலத்தில் ஐரோப்பிய உடைகளுக்கு உள்ளே வைத்தது லினன் ஆதலால் வந்த பெயர் அது. பொருள் வெளியே வந்துவிட்டது. பெயர் உள்ளேயே தங்கிவிட்டது.

பூ முடிந்ததும் அடித்தாளை நூல் இழுபடாமல் கிழித்தெடுத்தார். பூவுக்குப் பூ தாவிய நூல்களைச் சிறு கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கினார். அதற்கே ஒரு பிற்பகல் போயிற்று. பின்னர்தான் வெட்டு, தோள் இணைப்பு, கை, ஓர மடிப்பு.

மாணவி உடையைப் புரட்டி, லைனிங்கை விலக்கி, பூவின் பின்புறத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகும் பேரம் பேசினாள். ஐம்பது ரூபாய் குறைந்தது.