ரப்பர் கருகும் வாசனை

நான் பி.காம். பற்றும் வரவும் டேலி ஆகிறதா என்று பார்க்கப் படித்தவன். மூளையைப் பற்றிப் பேச உனக்கென்ன அருகதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் ஜார்ஜ் கெர்ஷ்வின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

‘ராப்சடி இன் ப்ளூ’ தந்த அமெரிக்க இசையமைப்பாளர். 1937 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் கச்சேரியில், தான் எழுதிய இசையையே வாசிக்கும்போது சில விநாடி தடுமாறினார். அந்த நேரம் மூக்கில் ரப்பர் கருகுகிற நாற்றம். சுற்றிலும் எதுவும் எரியவில்லை. பிறகு தலைவலி, தலைசுற்றல். ஜூனில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை. ஹிஸ்டீரியாவாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். ஜூலை 9-ல் நினைவிழந்தார். அவசர ஆபரேஷன். 11-ம் தேதி முடிந்துபோனார். வயசு 38. மூளையின் வலப்பக்கம், காதை ஒட்டிய பகுதியில் கட்டி. கிளையோபிளாஸ்டோமா என்றார்கள். மூளைக் கட்டிகளில் படுவேகமாக வளரும் ரகம்.

அது ஸ்கேன் இல்லாத காலம். டாக்டர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. இன்றைக்கு ஸ்கேன் இருக்கிறது. ஆனால், போய் எடு என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே! இந்த நோயில் ஆளே மாறிக்கொண்டிருப்பது பல சமயம் அந்த ஆளுக்கே தெரியாது. ‘ஒண்ணுமில்ல, டென்ஷன்’ என்பார்.

உடனே தலையைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். தலைவலிக்காரர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் கட்டி. ஆனால் வலி புதுசாக வந்து, விடியற்காலையில் அதிகமாகி, வாந்தியும் சேர்ந்து, வாரத்துக்கு வாரம் கூடினால் சும்மா இருக்கக் கூடாது. அதுவரை வலிப்பே வராத பெரியவருக்கு முதல் வலிப்பா? கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு பக்கம் கை, கால் இழுத்தாலும் அப்படித்தான். அது பக்கவாதமாகக்கூட இருக்கலாம், நிமிஷக் கணக்கு.

என் நண்பரின் அண்ணன் ரிட்டயர்டு வாத்தியார். ஒருநாள் சாப்பிடும்போது ‘மோர் ஊத்து’ என்பதற்கு ‘பூட்டு ஊத்து’ என்றார். வீடே சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் ஏற்கெனவே கவனித்திருந்தார். ‘வயசாச்சுல்ல, மறதிதான்’ என்றார் முதலில் பார்த்த டாக்டர். ‘மறதி எனக்கும் இருக்கு சார். இது இவர் இல்ல’ என்று அண்ணி வேறொருவரிடம் கூட்டிப்போனார்.

கட்டிதான். ஆபரேஷன், கதிர்வீச்சு, மாத்திரை. இந்த நோய் சீக்கிரம் தெரிந்தாலும் பெரும்பாலும் குணமாவதில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. வாத்தியாருக்குப் பதினாலு மாசம் கிடைத்தது. பேச்சு தெளிவாக இருந்தபோதே பேங்க் கணக்கில் அண்ணி பேரைச் சேர்த்தார். சண்டை போட்டுப் போன தம்பியைக் கூப்பிட்டனுப்பினார்.

அந்த இரண்டாவது டாக்டரை ஸ்கேன் எழுத வைத்தது எது தெரியுமா? தினசரி காலண்டர் தாள்கள். கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அண்ணி குறித்திருந்தார்: ‘காலையில் தலைவலி, வாந்தி.’ ‘செருப்பை மாற்றிப் போட்டார்.’ ‘பேத்தி பேரை மூணு தடவை தப்பாச் சொன்னார்.’ பத்தொன்பது தாள்.