பெரியதாழைக் கடலும் அக்கரைப் பக்தர்களும்

செந்திலாண்டவனைத் தரிசித்தபின் கன்னியாகுமரியை நோக்கிக் கடற்கரைச் சாலையில் பயணிக்கும் அன்பர்கள், குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனை வணங்கி, மணப்பாட்டைக் கடந்து பெரியதாழையை அடைகின்றனர். தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடி இது. ஒருபுறம் செந்நிறத் தேரி மணல், மறுபுறம் மன்னார் வளைகுடா, கரையில் வரிசையாக வள்ளங்கள். தாழையின் பெயரைத் தாங்கிய இச்சிற்றூரில் வாழ்வோர் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர். வானளாவிய ராஜகோபுரம் எதுவும் இங்கில்லை. எனினும், திருச்செந்தூர் வழியாக உவரி சுயம்புலிங்கசுவாமியை நாடிச் செல்லும் குடும்பங்கள் இவ்வூரைத் தாண்டியே போக வேண்டும். அவ்வாறு செல்வோர் சற்றே நின்று கிழக்கே நோக்கினால், கண்ணுக்கு எட்டாத தொலைவில் இலங்கை இருக்கிறது.

அந்தத் தொலைவு முற்காலத்தில் பெரிதாகக் கருதப்படவில்லை. மாதோட்டத்துக் கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினர். திருக்கோணமலையைச் சம்பந்தர் பாடினார். செந்தூரைப் பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழில் கதிர்காமமும் இடம்பெற்றது. முத்துக்குளிப்பு நடைபெற்ற காலங்களில் இக்கரையின் பரவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மன்னார்ப் பார்களுக்குப் படகேறினர். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலிலும் அங்கிருந்து கொழும்புக்கு நீராவிக் கப்பலிலும் செல்வதே 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கப்படும் வரையில் பெருவழியாக இருந்தது. வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தக் கொழும்பு வழியை மனத்திற்கொண்டுதான். திருநெல்வேலிச் சீமையின் வணிகர்கள் கொழும்பில் கடை வைத்தனர். ஏழைகள் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போயினர். கடை வைத்தவரும் கூலிக்குப் போனவரும் தத்தம் குலதெய்வத்தை நெஞ்சில் சுமந்தே சென்றனர்.

இலங்கை விடுதலை பெற்ற 1948-இல் அந்நாட்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் இயற்றப்பட்டது. 1949 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை வீட்டின் பின்வாசல் போல் இருந்த கடல், அன்றுமுதல் இரு நாடுகளின் எல்லையாயிற்று. கடவுச்சீட்டும் விசாவும் இன்றி வருவோரைக் 'கள்ளத்தோணி' என்று இகழும் சொல் அக்கரையில் வழங்கலாயிற்று. அதே 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் பல லட்சம் பேர் எந்நாட்டுக் குடிகளும் அல்லாதவர் ஆயினர். கடவுச்சீட்டு இல்லாதவர் குலதெய்வத்துக்குப் பொங்கலிட எவ்வாறு வர இயலும்? தலைமுறை கடந்தபோது, தெய்வத்தின் பெயர் நினைவில் நின்று ஊரின் பெயர் மறந்த குடும்பங்களும் உண்டாயின.

குலதெய்வ வழிபாட்டின் இயல்பை அறிந்தோர்க்கே இவ்விழப்பின் அளவு விளங்கும். தென்பாண்டிச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று பங்காளிகள் அனைவரும் தத்தம் சாஸ்தா கோயிலிலோ குலதெய்வத்தின் சன்னிதியிலோ ஒன்றுகூடுவது மரபு. தனியொருவர் வந்து தேங்காய் உடைத்துத் திரும்புவதால் அது நிறைவுறாது. விசாவோ ஆளுக்கு ஒன்றாக வழங்கப்படுவது. தந்தைக்குக் கிடைத்து மகனுக்குத் தாமதமானால் நேர்த்திக்கடன் ஓராண்டு தள்ளிப்போகும். உத்திர நட்சத்திரம் எந்த அலுவலகத்துக்காகவும் காத்திருப்பதில்லை.

உவரியில் இதனைக் கண்கூடாக உணரலாம். பால் சுமந்து சென்றவரின் கால், கடம்பக் கொடியின் வேரில் இடறியது. வேரை வெட்டியபோது குருதி பெருகியது. சந்தனம் அரைத்துப் பூசியதும் அது நின்றது. இது தலவரலாறு. இன்றும் சந்தனமே இங்கு அருமருந்தாகப் போற்றப்படுகிறது. ஓலைப்பெட்டியில் கடல் மண்ணை அள்ளி, ஈரம் சொட்டச் சொட்டத் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவது இங்குள்ள தனிச்சிறப்பான நேர்த்திக்கடன். பேரப்பிள்ளையின் தலையில் பெட்டியை வைத்துவிட்டுப் பாட்டி பக்கத்தில் நடந்து வருவாள். பார்ப்போர் மனம் இளகும் காட்சி அது. இதனை அஞ்சலில் அனுப்பிய காணிக்கையால் ஈடுசெய்ய முடியுமா?

விதிகள் தளர்ந்த காலமும் வந்தது. 2015 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள் முதல் இலங்கையர் மின்னணு முறையில் இந்தியச் சுற்றுலா விசா பெற வழி செய்யப்பட்டது. இலங்கையும் 2023-இன் இறுதியில் இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டினருக்கு விசாக் கட்டணத்தை நீக்கியது. கேதீச்சரத்துக்கும் கோணேச்சரத்துக்கும், நுவரெலியாவின் சீதையம்மன் கோயிலுக்கும் இங்கிருந்து செல்வோர்க்கு அது பேருதவி. வருவோர் பெருகினால் விடுதிக்காரர், வாடகை வண்டியோட்டுநர், பூக்கடைக்காரர் யாவரும் பிழைப்பர். உடன்குடிக் கருப்பட்டிக்கும் கூடுதலாகச் சில பைகள் விலைபோகும்.

ஆயினும் விசா ஒன்றே போதாது என்பதற்குத் தூத்துக்குடியே சான்று. 2011 ஜூன் மாதம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கப்பட்டது. போதிய பயணிகளின்றி அவ்வாண்டு நவம்பரிலேயே அது நின்றுபோயிற்று. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது.

வழிபாட்டுக்கெனத் தனிவழி வகுப்பது அரசுகளுக்கு இயலாத செயலன்று. கச்சத்தீவு குறித்த 1974-ஆம் ஆண்டு உடன்பாட்டிலேயே, அங்குள்ள அந்தோணியார் ஆலயத்துக்குச் செல்லும் இந்திய யாத்ரிகர்க்கு இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்ற விதி இருக்கிறது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட கர்தார்பூர் வழியில் சீக்கியர்கள் விசாவின்றிப் பாகிஸ்தான் எல்லைக்குள் சென்று குருத்வாராவை வணங்கினர். பகைமை மிகுந்த அவ்வெல்லையிலேயே அது கூடிற்று. கதிர்காமத்து ஆடி விழாவுக்கும் செந்தூர்க் கந்த சஷ்டிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் அத்தகைய ஏற்பாடு இதுவரை செய்யப்படவில்லை.

இப்போது அக்கரையிலிருந்து வருவோர் மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ விமானத்தில் இறங்கிச் சாலை வழியே வருகின்றனர். மதுரை வழி வருவோர் திருச்செந்தூரில் தங்கி, அதிகாலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் பெரியதாழையைக் கடந்து உவரியை அடையலாம். சன்னிதிக்கு அருகிலேயே கடல் இருப்பதால் நீராடுவோர் மாற்றுடை கொண்டுசெல்வது நல்லது.